முடிதரித்த சூசையப்பர்

"ஏட்டி, உன் கழுத்துல தொங்குதது யாரு?"

பெண் பார்க்க வந்த ஜெயபாய் அம்மாள் சந்தனமேரியிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். பெயரைக் கேட்கவில்லை, அது மகன் வழியாக ஏற்கெனவே வீடு வந்து சேர்ந்திருந்தது. சமைக்கத் தெரியுமா என்றும் கேட்கவில்லை. நாற்காலியின் நுனியில், ராஜபாளையத்துப் புழுதி சேலையில் ஒட்டிவிடாதபடி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, நேராகக் கழுத்துக்குப் போய்விட்டாள்.

சந்தனமேரிக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் அவள் வாய்க்கு முந்தி வலது கை வேலை செய்யும். அது மேலே போய்க் கழுத்தில் கிடக்கும் வட்டமான பதக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் பதில் சொல்லிவிட்ட மாதிரி அவளுக்கு ஒரு நிம்மதி வந்துவிடும். அன்றைக்கும் கை போனது. கேள்வியே பதக்கத்தைப் பற்றியது என்பதால், களவுச் சாமானை மறைத்தது போல ஆகிவிட்டது.

"அது சூசையப்பருல்லா மதினி," என்று பெரியம்மை பரிபூரணம் காப்பித் தம்ளரோடு முன்னால் வந்தாள். "சூசையப்பரும் மாதாவும். இவ அம்மை போட்டிருந்தது. அவ போன பொறவு இவ போட்டிருக்கா."

"நாங்க மனுசனக் கழுத்துல கட்டித் தொங்கவிடுத ஜனம் இல்ல."

பரிபூரணம் ஜெயபாயின் கழுத்தைப் பார்த்தாள். அங்கே கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு தங்கச் சிலுவை, அதற்கேற்ற கனமான சங்கிலியில் மின்னிக்கொண்டிருந்தது.

"அப்ப அது?"

"இதுல ஆளு இருக்கா, பாரு."

இல்லை. ஜெயபாயின் புராட்டஸ்டண்ட் சபையில் சிலுவையில் ஆள் கிடையாது. ஆள் இறங்கிப்போன சிலுவை வெறும் நகை. ஆள் இருக்கிற சிலுவை விக்கிரகம். எத்தனை பவுன் என்பது இதில் சேராது. மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த ஜெயபாய்க்கு இது தெளிவாக விளங்கியது. கத்தோலிக்கரான பரிபூரணத்துக்கு விளங்கவில்லை. வீடு என்றால் ஆள் வேண்டும், சிலுவை என்றாலும் ஆள் வேண்டும் என்பது அவள் கட்சி.

பரிபூரணத்தின் கழுத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது ஒரு தாலுகா ஆபீஸ். கண்வலிக்கு லூசியம்மாள், அம்மைக்குச் செபஸ்தியார், காலராவுக்கு ஆரோக்கியநாதர், காணாமல் போன சாமானுக்கு அந்தோணியார் என்று தனித்தனி மேசை போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மொத்தத்துக்கும் மேற்பார்வைக்கு ஒரு செபமாலை, அவசரத்துக்கு, கயிற்றில் தொங்கும் மந்திரித்த துணித்துண்டாக ஒரு உத்தரியம். ஆபீஸ் என்றால் குழப்பமும் இருக்கும். ஒருதடவை அவள் வெள்ளாடு காணாமல் போனபோது அந்தோணியாரிடம் மனு போட்டாள். நடக்கவில்லை. கோபத்தில் அந்தோணியாரைத் திருப்பி முதுகுப் பக்கம் போட்டுவிட்டு, சந்தனமேரியின் சூசையப்பரைப் பிடித்துக்கொண்டு ஒரு குரல் அழுதாள். ஆடு அன்றைக்கே வந்தது. தன் மேசைக்குச் சேராத காரியத்தையும் செய்து கொடுக்கிறவர் என்று அதிலிருந்து தெருவில் அவருக்குத் தனி மரியாதை.

இப்படிப்பட்ட வீட்டுக்கு ஜெயபாய் வந்ததற்குக் காரணம் அவள் மகன் ஜேசுதாசன். ராஜபாளையத்து நூல் மில்லில் அவன் பிட்டர். சந்தனமேரி அங்கே ரீலிங் பகுதியில் நூல் சுற்றுகிறவள். அவள் மிஷின் அடிக்கடி ரிப்பேரானது. பிறகு ரிப்பேராகாத நாளிலும் அவன் ஸ்பானரோடு வந்து நின்றான். ஒருநாள், "உன்னக் கட்டிக்கிடுதேன், சரியா?" என்று கேட்டான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். நிறையத் தடவை அது தப்பு. அந்த ஒரு தடவை மட்டும் அது சம்மதமாகவே இருந்தது. அவனை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

எந்தக் கோவிலில் கலியாணம் என்பதில்கூடச் சண்டை வரவில்லை. மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை என்றதும் பரிபூரணம் கோவிலை விட்டுக்கொடுத்துவிட்டாள். ஆனால் பாதுகாவலரை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

"கோவில் மாறலாம் மதினி. காவல் மாறக்கூடாது."

"காவல் காக்குறதுக்கு எங்களுக்குக் கர்த்தர் இருக்காரு. கலியாணத்தன்னைக்குப் பிள்ள கழுத்து காலியா வரணும். தாலி மட்டும் ஏறட்டும்." ஜெயபாய் காப்பியைத் தொடாமல் எழுந்தாள். "வார ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சு எங்க வீட்டுக்கு வாங்க. அதக் கழட்டிட்டு வந்தா நிச்சயத்தப் பேசுவோம். இல்லையா, வரவே வேண்டாம்."

ஆக, காரியம் சுருக்கமாக முடிந்தது. சந்தனமேரிக்குப் பதக்கம் அல்லது ஜேசுதாசன். அவளுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

அந்தப் பதக்கம் அவள் அம்மா மிக்கேலம்மாள் கல்யாணமான புதிதில், ஒரு கோவில் திருவிழாக் கடையில் வாங்கியது. கடைக்காரன் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்த சுரூபப் பதக்கங்களில் இது மட்டும் பெரிதாக, நல்ல கனமாக இருந்ததாம். ஒருபக்கம் ஒரு ஆணும் பெண்ணும், அடுத்தடுத்து, பக்கவாட்டில். ஆணுக்கு அழகான தாடி. இரண்டு தலையிலும் கிரீடம். "இது யாரு?" என்று அம்மா கேட்டாள். "தாடியப் பாத்தா தெரியலையா தாயி? சூசையப்பரு. பக்கத்துல மாதா," என்றான் கடைக்காரன். "இவிய பிள்ள பாலன் எங்க?" என்றாள் அம்மா. "பாலன் கீழ இருந்திருப்பாரு, தேஞ்சிட்டாரு," என்றான். வியாபாரி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

வாங்கிய கையோடு கோவிலுக்குப் போனாள். சாமியார் ஒரு தட்டு நிறையக் குவிந்து கிடந்த சுரூபங்களையும் செபமாலைகளையும் ஒன்றாக வைத்து, எதையும் குனிந்து பார்க்காமல், லத்தீனில் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். தட்டில் ஒரு சாவிக்கொத்து கிடந்திருந்தாலும் அதுவும் அன்றைக்குப் புனிதமாகியிருக்கும்.

அதிலிருந்து மிக்கேலம்மாளுக்குச் சூசையப்பர் வீட்டு மனுசன். அவள் செபம் சொல்லி மகள் அதிகம் கேட்டதில்லை, பேசித்தான் கேட்டிருக்கிறாள். "சூசையப்பரே, ஒல கொதிக்குது, பாத்துக்கிடும். தண்ணிக்குப் போயிட்டு வாரேன்." "சூசையப்பரே, இந்த மனுசன் இன்னைக்கும் குடிச்சிட்டு வருதாரு, நீரும் ஒரு ஆம்பளதானே, ரெண்டு புத்தி சொல்லும்." பேசும்போது கட்டைவிரல் பதக்கத்தை விடாமல் தேய்த்துக்கொண்டே இருக்கும். புருஷன் போன பிறகும் பேச்சு நிற்கவில்லை. அவளை எதிர்த்துப் பேசாத ஒரே ஆண்பிள்ளை அவர்தான். கடைசியில் விஷக்காய்ச்சல் வந்து கிடந்தபோது, நல்ல மரணத்துக்கும் அவரே பாதுகாவலர் என்பதால், அந்த வேலையையும் அவரிடமே ஒப்படைத்தாள். பிறகு கயிற்றைக் கழற்றி மகளின் கழுத்தில் போட்டாள். "பேசு. கேப்பாரு," என்றாள். சந்தனமேரிக்கு அப்போது பள்ளிக்கூடம் நின்று மில்லுக்குப் போகிற வயது. அவளால் மனிதர்களிடமே பேச முடியவில்லை; பதக்கத்தைப் பிடித்துக்கொள்வதோடு சரி.

இதையெல்லாம் அவள் வேலுத்தாயிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. வேலுத்தாய் பக்கத்து மிஷினில் நூல் சுற்றுகிறவள். கழுத்தில் மலையடிவாரத்து அய்யனார் கோவில் கயிறும், அதே கயிற்றில் ஒரு அந்தோணியாரும் போட்டிருந்தாள்.

"கழட்டுனாத்தான் என்ன மேரி?" என்றாள் திங்கட்கிழமை. "எங்க வீட்டுல அந்தோணியாரக் கழட்டுன்னு எங்க மாமியா சொன்னா. நான் அவுகளுக்கு முன்னால கழட்டுவேன், தெரு முக்குல போய்ப் போட்டுக்கிடுவேன். அய்யனாரும் ஒண்ணும் சொல்லல, அந்தோணியாரும் ஒண்ணும் சொல்லல. இவுக ரெண்டு பேருக்குள்ள சண்டையே இல்ல. மாமியாளுக்குத்தான் சண்ட."

"ஏமே, அங்க ஏமி பேச்சு?" என்று சூப்பர்வைசர் சுப்புராஜ் தெலுங்கும் தமிழுமாகச் சத்தம் போட்டார். "கழுத்துல கிடக்கதெல்லாம் ஜாக்கெட்டுக்குள்ள போடுங்க! மிஷின்ல சிக்குச்சுன்னா சாமி வந்து எடுக்க மாட்டாரு, நான்தான் எடுக்கணும்!"

சாப்பாட்டு மணி அடித்ததும் ஜேசுதாசன் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்தான். அவன் கதர் சட்டைக்காரன். காங்கிரஸ் கூட்டம் எங்கே நடந்தாலும் முன்வரிசையில் நிற்பான். இரண்டு தடவை மேடையேறிப் பேசியிருக்கிறான். வெள்ளைக்காரனை வெளியே போகச் சொல்லித் தொண்டை கட்டும் வரை கத்தியிருக்கிறான்.

"எனக்கு இந்தச் சூசையப்பரும் ஒண்ணுதான், மத்தவிகளும் ஒண்ணுதான். யாரா இருந்தா என்ன, போட்டுக்கோ," என்றான். "அம்மைதான் ஒரு மாதிரி."

சந்தனமேரி பதக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, யாரோ பின்னாலிருந்து தள்ளியது போல, "அது எங்கம்மா," என்றாள்.

அவளுக்கு அது ஒரு பெரிய பிரசங்கம். ஜேசுதாசனுக்கும் அது தெரிந்தது. "சரி, கழட்டாத. நான் அம்மைகிட்ட பேசுதேன்," என்றான்.

"எப்ப?"

"ஞாயித்துக்கிழம. நீங்க எல்லாரும் வாறப்ப."

சர்க்காரை எதிர்த்துப் பேச நாள் பார்க்காதவன், அம்மாவிடம் பேச ஆட்களைக் கூட்டிக்கொண்டான். அதுவும் போதும் என்று சந்தனமேரி நினைத்தாள்.

யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் பஸ்களின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் புகையைக் குடித்துக்கொண்டே பரிபூரணமும் சந்தனமேரியும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கினார்கள். பெருமாளுக்கென்று கட்டிய மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டு முதலில் அழகு பார்த்தாளே ஒரு பெண், அவளுடைய ஊர் அது. அதற்காக அவளையே சாமியாக்கிக் கோபுரமும் தேரும் வைத்துக் கொண்டாடுகிற ஊர். அந்த ஊரில்தான் மில்காரப் பெண் ஒருத்தி கழுத்தில் எதைப் போடலாம் என்று பெரியவர்கள் கூடிப் பேச இருந்தார்கள்.

ஜெயபாயின் வீட்டுச் சுவரில் புனிதர் படம் ஒன்றும் இல்லை. இரண்டு வேத வசனம், ஒரு கடிகாரம், சவரம் செய்த முகத்தோடு இப்போதைய வெள்ளைக்காரச் சக்கரவர்த்தி. அவருக்குக் கீழே சாய்வு நாற்காலியில் ஜெயபாயின் கணவர் தேவஇரக்கம். கோர்ட்டில் நகல் குமாஸ்தாவாக இருந்தவர். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் சொன்னதை எழுதிய பழக்கத்தால் தானாக எதுவும் சொல்வதில்லை.

ஜெயபாய் வாசலிலேயே பார்த்துவிட்டாள்.

"கழட்டலயா?"

பரிபூரணம் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சந்தனமேரியின் கை மேலே போனது. எல்லோரும் ஜேசுதாசனைப் பார்த்தார்கள். ஜேசுதாசன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"அம்மா... வந்து... அது யாரா இருந்தா என்ன..."

"யாரா இருந்தா என்னவா? சூசையப்பருன்னா ஒரு வசனம் இருக்கு. மாதான்னா ஒரு வசனம் இருக்கு. ஆளத் தெரியாம எந்த வசனத்தச் சொல்லுதது? ஏங்க, அந்தப் பூதக்கண்ணாடிய எடுங்க."

தேவஇரக்கம் எடுத்துக் கொடுத்தார். ஜெயபாய் சந்தனமேரியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து, பதக்கத்தைப் புழுவைப் பிடிப்பது போல இரண்டு விரலால் பிடித்து, கண்ணாடியை வைத்துக் குனிந்தாள். நேரம் போனது. அவள் வாயில் தயாராக இருந்த வசனம் வெளியே வரவில்லை. பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் முன்பக்கம் பார்த்தாள். கண்ணாடியை வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு ஊதாநிற வெல்வெட்டுத் துண்டு இருந்தது. பிரித்தாள். உள்ளே அதே பதக்கம். அதே தாடி, அதே இரண்டு கிரீடம். இது தேயவில்லை, மூக்கும் முழியும் நேற்று அடித்தது போல இருந்தன.

"எந்திரிங்க," என்றாள் ஜெயபாய். "எல்லாரும் எந்திரிங்க. இது பழைய சக்கரவர்த்தியும் மகாராணியும்!"

தேவஇரக்கம் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார். மற்றவர்கள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதில், பட்டாபிஷேகத்தன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒரு வெள்ளைக்காரத் துரைசானி ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் கையாலேயே இதைக் குத்திவிட்டாளாம். ஆளுக்கு ஒரு லட்டு. அதிலிருந்து வருஷத்தில் ஒருநாள், சாம்ராஜ்ய தினமான எம்பயர் டே அன்றைக்கு, ஜெயபாய் இதைத் தோள்பட்டையில் குத்திக்கொண்டு வெளியே போவாள். மனுஷனைத் தொங்கவிடாத ஜனத்துக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்க அந்த அறையில் துணிச்சலான ஆள் யாரும் இல்லை. தொங்கவிடுவது வேறு, குத்திக்கொள்வது வேறு என்று சொல்லியிருப்பாள்.

"ராஜபக்தியுள்ள குடும்பம்னு மொதல்லயே சொல்லப்படாதா?" என்று பரிபூரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். போன வாரம் அந்தக் கை கொடுத்த காப்பியைத் தொடாதவள். "நான் என்னத்தையெல்லாமோ பேசிட்டேன். ஏ பிள்ள, நீ கழட்டவே வேண்டாம்மா. கலியாணத்துக்கும் இதப் போட்டுக்கோ. சேலைக்கு மேல, நல்லாத் தெரியுத மாதிரி."

பரிபூரணம் இரண்டு பதக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு தாலுகா ஆபீஸே இடம் மாறிக்கொண்டிருந்தது.

"இவிய இப்ப எங்க இருக்காவ?" என்றாள் கடைசியில்.

"யாரு? சக்கரவர்த்தியா? அவிய காலமாயி வருசமாச்சே. இப்ப இருக்கது மகன்."

"காலமாயிட்டாரா? அப்ப சரி."

"என்ன சரி?"

"செத்தவியகிட்டதான வேண்டிக்கிடுதோம் மதினி. உசுரோட இருக்கவியகிட்டன்னா மனுல்லா கொடுக்கணும். அந்த அம்மா?"

"மகாராணி இருக்காவ."

"அப்ப அவியள விட்டுருவோம். அவருகிட்ட மட்டும் வேண்டிக்கிடலாம்." பரிபூரணம் தெளிந்துவிட்டாள். "அதோட, சாமியாரு லத்தீன்ல மந்திரிச்சாச்சுல்லா. ராஜாவா இருந்தாலும் சரி, கலெக்டரா இருந்தாலும் சரி, மந்திரிச்ச பொறவு அவரு சூசையப்பர்தான். எங்க ஆட்டக் கொண்டாந்து விட்டது யாரு?"

இதுவரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஜேசுதாசன் இப்போதுதான் வாயைத் திறந்தான். கூட்டத்தில் பேசுகிற குரல்.

"கழட்டு அத."

சந்தனமேரி நிமிர்ந்து பார்த்தாள்.

"நாடே அவன வெளிய போன்னு சொல்லுது. நம்ம எல்லாரு கழுத்துலயும் ஏறி உக்காந்திருக்கது போதாதா? எம்பொண்டாட்டி கழுத்துல வேற தனியா உக்காரணுமா? நாளைக்கு நான் கூட்டத்துல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கது?"

"ஏலே, வாய மூடு! ராஜத்துரோகம்!" என்றாள் ஜெயபாய்.

"யாரா இருந்தா என்னன்னு இப்பத்தான தம்பி சொன்னீங்க?" என்றாள் பரிபூரணம்.

"சூசையப்பரா இருந்தாச் சொன்னேன்!"

ஆக, ஒரு வாரத்தில் எல்லாம் நேர்மாறாகிவிட்டது. கழற்றச் சொன்னவள் போடச் சொன்னாள். போட்டுக்கொள்ளச் சொன்னவன் கழற்றச் சொன்னான். மாறாதவள் பரிபூரணம் ஒருத்திதான். அவளும் உள்ளே இருந்த ஆளை மாற்றிவிட்டாள். மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தேவஇரக்கம் மட்டும், உட்காரச் சொல்லி உத்தரவு வராததால், நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப எங்கம்மா இம்புட்டு காலமும் யார்கிட்ட பேசிக்கிட்டிருந்தா?"

சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். சந்தனமேரிதான். பதக்கத்தைப் பிடிக்காமல், இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு கேட்டிருந்தாள்.

அம்மா உலையைப் பார்க்கச் சொன்னதும், குடிகாரப் புருஷனுக்குப் புத்தி சொல்லச் சொன்னதும், கடைசிநாள் மூச்சை இழுத்துக்கொண்டு "வாரேன்" என்று சொன்னதும் எங்கேயோ ஒரு அரண்மனையில், தமிழ் தெரியாத ஒரு மனுசன் காதிலா விழுந்தது? இல்லை, யார் காதிலும் விழவே இல்லையா? அவளுக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

வேத வசனம் தெரிந்தவள் கண்ணாடியைத் துடைத்தாள். அரசியல் தெரிந்தவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். புனிதர்கள் அத்தனை பேரையும் தெரிந்த பெரியம்மை, "அதெல்லாம் கேட்டிருப்பாரு, கேட்டிருப்பாரு," என்று யார் என்று சொல்லாமல் சொன்னாள். தேவஇரக்கம் பால்கோவாத் தட்டை நீட்டினார். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். வாய் நிறைந்ததும் பேசாமல் இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

பால்கோவா தீருகிற நேரத்தில் தேவஇரக்கம் தொண்டையைக் கனைத்தார். கோர்ட்டில் பார்த்த வழக்குகள் அவருக்குள் எங்கேயோ தங்கியிருந்திருக்க வேண்டும்.

"மூஞ்சிய அரம் போட்டுத் தேச்சிரலாமே," என்றார். "வழுவழுன்னு ஆக்கிட்டு, மேல ஒரு செலுவ வெட்டிட்டா? பதக்கம் பிள்ளைக்கு இருக்கும். உருவம் இருக்காது. ராஜாவும் இருக்க மாட்டாரு."

எல்லோரும் யோசித்தார்கள். யோசிக்க யோசிக்க ஒவ்வொருவருக்கும் இது தன் யோசனை போலவே தோன்ற ஆரம்பித்தது. உருவம் போனால் ஜெயபாயின் வசனத்துக்குப் பழுதில்லை. சக்கரவர்த்திதான் அவள் வெல்வெட்டில் பத்திரமாக இருக்கிறாரே. ராஜா போனால் ஜேசுதாசன் கூட்டத்தில் நிற்கலாம். தீர்த்தம் பட்டது உலோகத்தில்தானே, முகத்தில் இல்லையே என்று பரிபூரணமும் ஒத்துக்கொண்டாள். கலியாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து முதல்தடவையாக மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். சூட்டோடு சூடாக முடித்துவிட வேண்டும் என்று, அப்போதே சந்தனமேரியை நடுவில் விட்டுக்கொண்டு தேரடிப் பக்கம் தனுஷ்கோடி ஆசாரியின் பட்டறைக்குக் கிளம்பினார்கள்.

அங்கே போய் உட்கார்ந்ததும் ஜேசுதாசன் அவள் காதருகில், "இப்பச் சந்தோசந்தானே? உன் பதக்கம் உன்கிட்டயே இருக்கும்," என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான்.

ஆசாரி அவளைக் கழற்றக்கூடச் சொல்லவில்லை. கழுத்தில் கிடந்தபடியே குனிந்து பார்த்தார்.

"யாரு இது?"

"சக்கரவர்த்தி," "சூசையப்பர்," "யாரும் இல்ல," என்று மூன்று பதில் ஒன்றாக வந்தது.

"சரி," என்றார் ஆசாரி. மூன்றையும் ஒத்துக்கொண்டது போலிருந்தது. "ஏற்கெனவே பாதி மூஞ்சி போயிட்டே. யாரு தேச்சது இத? வெரல் போட்டுத் தேச்ச மாதிரில்லா குழிஞ்சிருக்கு. சரி, மிச்சம் மீதிய அரத்துல எடுத்துரலாம். பாதி வேல முடிஞ்சிட்டு. கழட்டிக் கொடு தாயி." கையை நீட்டினார்.

சந்தனமேரி பதக்கத்தில் கட்டைவிரலை வைத்தாள். வைத்த இடத்தில் விரல் சரியாகப் போய் உட்கார்ந்தது. அந்தப் பள்ளம் அவள் போட்டதல்ல. அவள் கழுத்துக்கு அது வரும்போதே இருந்தது. இத்தனை நாளும் அவள் பிடித்துக்கொண்டிருந்தது தாடியையும் அல்ல, கிரீடத்தையும் அல்ல.

"செலுவ சின்னதா இருக்கட்டும் ஆசாரி. ஆளில்லாம," என்றாள் ஜெயபாய்.

"ஆளில்லாமயா? அது என்ன மொட்டச் செலுவ? ஆளோட வெட்டுங்க," என்றாள் பரிபூரணம்.

"ஒரு பக்கம் செலுவ இருக்கட்டும்," என்றான் ஜேசுதாசன். "பின்பக்கம் சும்மாதான கிடக்கு? சின்னதா ஒரு ராட்ட வெட்டலாமா? கட்சிக்காரங்க பாத்தா சந்தோசப்படுவாங்க."

"ராட்டையா! ஏலே, கலியாணத்துக்கா, கட்சி மாநாட்டுக்கா?"

"ராட்டைன்னா கூலி கொஞ்சம் கூட வரும்," என்றார் ஆசாரி, நீட்டிய கையை மடக்காமல்.

"மொதல்ல ஆளா ஆளில்லாமயான்னு பேசி முடிங்க!" என்றாள் பரிபூரணம்.

பேசினார்கள். ஆள் வேண்டும் என்றும், ஆள் கூடாது என்றும், ராட்டை போதும் என்றும் தேரடி முழுக்கக் கேட்கும்படி பேசினார்கள். தேவஇரக்கம் சுவரில் சாய்ந்து, யார் சொல்வதையாவது எழுதிக்கொள்ளச் சொல்வார்களோ என்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சந்தனமேரி எழுந்தாள். ஆசாரியின் விரிந்த கையைத் தாண்டி, வாசலில் கிடந்த செருப்புகளைத் தாண்டி வெயிலில் இறங்கினாள். பதக்கம் சேலைக்கு மேலேயே கிடந்தது. அதை உள்ளே தள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. பஸ் நிற்கிற பக்கமாக நடந்து போனாள்.